குறிப்பறியும் செல்கள்: பன்றியின் நோய்த்தடைக்காப்பும் தென்காசி – குற்றால மலையடிவாரமும்

ஆய்வுச் சுருக்கம்

பன்றியின் நோய்த்தடைக்காப்புச் செல்கள் நுண்ணுயிரிகளை அழிப்பதற்கு முன்னர், அவற்றின் மூலக்கூறுகளைக் குறிப்புகளாகக் கொண்டு அறிகின்றன. அறிந்ததைப் பிற செல்களுக்கு அறிவிக்கின்றன. தேவை முடிந்ததும் தம்மை அடக்கிக்கொள்கின்றன. இம்முறைமையைத் தமிழில் விளக்குவது இக்கட்டுரையின் முதல் நோக்கம். காட்டுப்பன்றியும் வளர்ப்புப்பன்றியும் அருகருகே வாழும் தென்காசி – குற்றாலப் பகுதியை முன்வைத்து, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் போன்ற நோய்களை விளங்கிக்கொள்ள இவ்வறிவு எவ்வாறு துணைசெய்கிறது என்பதைக் காட்டுவது இரண்டாம் நோக்கம். ‘எதிர்ப்புச் சக்தி’ என்னும் பொதுவழக்கு இந்நிகழ்வின் ஒரு கூற்றை மட்டுமே சுட்டுவதால் எழும் பொருள்மயக்கத்தையும் அதற்கான கலைச்சொல் தீர்வையும் இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: அறிவியல் தமிழ், நோய்த்தடைக்காப்பு, ஏற்பி, பெருவிழுங்கு செல், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், தென்காசி, குற்றாலம்.

முன்னுரை

திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 22 அன்று உருவான தென்காசி மாவட்டத்தின் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை நீள்கிறது. மலைச்சரிவில் நெல்லை வனவிலங்கு சரணாலயமும், தெற்கே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் பகுதிகளும் அமைந்துள்ளன. மலையடிவாரத்து வயல்களிலும் தோப்புகளிலும் காட்டுப்பன்றிகள் இறங்கிப் பயிரை அழிப்பது உழவர்களின் நெடுநாள் முறையீடு. தென் மாவட்டங்களில் வெண்பன்றி வளர்ப்பு ஒரு வாழ்வாதாரமாகவும் விளங்குகிறது. காட்டுப்பன்றியும் வளர்ப்புப்பன்றியும் உயிரியல் வகைப்பாட்டில் ஒரே சிற்றினத்தைச் சார்ந்தவை. ஒன்றைத் தாக்கும் நோய் மற்றொன்றையும் தாக்கும்.

இவ்வுண்மை அண்மைக் காலத்தில் கவலைக்குரியதாகியுள்ளது. 1921ஆம் ஆண்டு கென்யாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், 2007இல் ஜார்ஜியாவையும் 2018இல் சீனாவையும் அடைந்து, 2020இல் அசாம், அருணாசலப் பிரதேசம் வழியாக இந்தியாவினுள் நுழைந்தது. 2022 சூலையில் கேரளத்தின் வயநாட்டுப் பண்ணைகளிலும், 2023இன் தொடக்கத்தில் நீலகிரி மாவட்டம் முதுமலையில் இறந்துகிடந்த காட்டுப்பன்றிகளிலும் அது உறுதிசெய்யப்பட்டது. முதுமலைக்கும் தென்காசிக்கும் இடையே பாலக்காட்டுக் கணவாய் உண்டு. ஆயினும், இந்நோயை நெடுந்தொலைவு கொண்டுசெல்வன பெரும்பாலும் வாகனங்களும் இறைச்சியும் உணவுக் கழிவுமே ஆதலால், கணவாய் அதற்குத் தடையாகாது.

நோய் கண்ட பண்ணையைச் சுற்றி 1 கிலோமீட்டர் எல்லைக்குள் உள்ள பன்றிகள் அனைத்தையும் அழிக்க வேண்டும் என்பது நாட்டின் செயல்திட்ட விதி. நோயுற்ற பன்றியோடு நலமுள்ள பன்றியும் அழிக்கப்படும். எனவே, இந்நோய் பன்றியின் உடலில் என்ன செய்கிறது, உடல் அதற்கு எவ்வாறு மறுமொழி தருகிறது என்பவற்றைத் தமிழில் பிழையின்றிச் சொல்வது வளர்ப்போரின் வாழ்வோடு தொடர்புடைய பணியாகிறது.

1. குறிப்பு என்னும் கருத்தாக்கம்

செல்களின் செயலை விளக்கும் அறிவியல் நூல்களில் ‘சமிக்ஞை’, ‘சைகை’, ‘குறிப்பு’ ஆகிய சொற்கள் வழங்கிவருகின்றன. இவற்றுள் ‘குறிப்பு’ தமிழ் மரபில் ஆழ வேரூன்றியது. திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்னும் பெயரிலேயே இரண்டு அதிகாரங்கள் (71, 110) உள்ளன. சொல்லாததை அடையாளத்தால் அறிதல் என்பதே அவ்விரண்டிற்கும் பொதுவான பொருள்.

பன்றியையும் குறிப்பையும் இணைத்துக் காட்டும் சங்கச் சான்றும் உண்டு. உக்கிரப்பெருவழுதி பாடிய நற்றிணை 98ஆம் பாடலில், பொறி அமைந்த புனத்துள் நுழைய முற்படும் காட்டுப்பன்றி, பக்கத்தே பல்லி ஒலிப்பதைக் கேட்டு, மெல்லப் பின்வாங்கித் தன் கல்முழைக்குத் திரும்புகிறது. பன்றி அங்கே பொறியைத் தாக்கவில்லை. ஓர் ஒலியை, அது எழுந்த இடத்தோடு சேர்த்துப் பொருள்கொண்டு, தன் செயலை மாற்றிக்கொள்கிறது. பல்லி சொல்லில் நம்பிக்கை கொண்டிருந்த சமூகத்தின் கற்பனை அது. உயிரியல் சான்று அன்று. ஆயினும், குறிப்பு, அது தோன்றும் இடம், அறிவோன், அறிந்தபின் எழும் செயல் என்னும் நான்கு கூறுகளும் அங்கே தெளிவாக உள்ளன. செல்களின் நிகழ்வை விளக்கவும் இந்நான்கும் தேவைப்படுகின்றன.

2. நுண்ணுயிர்க் குறிப்புகளும் ஏற்பிகளும்

உருசிய அறிஞர் இலியா மெச்னிகோவ் 1882ஆம் ஆண்டு மெசினா நகரில் விண்மீன் உயிரியின் இளவுயிரிகளை ஆராய்ந்தபோது, நகரும் செல்கள் அயற்பொருளைச் சூழ்வதைக் கண்டார். அதிலிருந்து செல் விழுங்குதல் என்னும் கோட்பாடு பிறந்தது. ஆனால், விழுங்கு செல் எதை விழுங்க வேண்டும், எதை விட வேண்டும் என்பதை எவ்வாறு அறிகிறது என்னும் வினா நூறாண்டுக்கும் மேலாகத் தெளிவான விடையின்றி நின்றது.

1989ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் சார்லசு சேன்வே இதற்கொரு கருதுகோளை முன்வைத்தார். நுண்ணுயிரிகளுக்கே உரிய, விலங்குடலில் காணப்படாத, நுண்ணுயிரி எளிதில் மாற்றிக்கொள்ள இயலாத மூலக்கூற்று வடிவங்கள் சில உள்ளன. அவ்வடிவங்களை அறியும் ஏற்பிகள் நம் செல்களில் பிறவியிலேயே அமைந்திருக்க வேண்டும் என்பது அக்கருதுகோள். 1996இல் சூல்சு ஆஃப்மன் குழுவினர், பழ ஈயில் ‘டோல்’ என்னும் மரபணு பூஞ்சைத் தொற்றிலிருந்து காப்பதைக் காட்டினர். 1998இல் புரூசு பாய்ட்லர் குழுவினர், எலியில் அதனையொத்த ஏற்பி ஒன்றே பாக்டீரியாவின் லிப்போபாலிசாக்கரைடை அறிகிறது என நிறுவினர். இருவரும் 2011ஆம் ஆண்டு நோபல் பரிசின் ஒரு பாதியைப் பெற்றனர். மறுபாதி டென்ட்ரைட்டிக் செல்களைக் கண்டறிந்த இரால்ஃப் ஸ்டைன்மனுக்கு வழங்கப்பட்டது. ‘டோல்’ என்பது வியப்பை உணர்த்தும் செருமானியச் சொல். தமிழ்ச் சொல்லோடு தொடர்பற்றது.

பன்றியில் இத்தகைய டோல்-வகை ஏற்பிகள் 10 உள்ளன. மனிதரிலும் அவ்வாறே. எலியில் பத்தாம் ஏற்பி செயலற்றது. மனித நோய்களை ஆராய்வதற்குப் பன்றி ஏற்ற மாதிரியாகக் கருதப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒவ்வோர் ஏற்பியும் குறிப்பிட்ட சில குறிப்புகளை அறியும். நான்காம் ஏற்பி, கிராம்-எதிர் பாக்டீரியாக்களின் புறச்சுவரில் உள்ள லிப்போபாலிசாக்கரைடை அறிகிறது. இரண்டாம் ஏற்பி, பாக்டீரியாக்களின் கொழுப்புப் புரதங்களை அறிகிறது. ஐந்தாம் ஏற்பி, பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் கசையிழையின் புரதத்தை அறிகிறது. மூன்றாம் ஏற்பி இரட்டை இழை ஆர்.என்.ஏ.வையும், ஏழாம் எட்டாம் ஏற்பிகள் ஒற்றை இழை ஆர்.என்.ஏ.வையும், ஒன்பதாம் ஏற்பி நுண்ணுயிரிகளின் டி.என்.ஏ.வில் மிகுந்து காணப்படும் ஒருவகை அடுக்கையும் அறிகின்றன.

இவற்றின் இருப்பிடம் கருதத்தக்கது. பாக்டீரியாவின் புறப்பொருள்களை அறியும் ஏற்பிகள் செல்லின் மேற்பரப்பில் உள்ளன. மரபுப்பொருளை அறிவன, செல்லினுள் விழுங்கிய பொருள் சிதைக்கப்படும் பைகளில் உள்ளன. விலங்கின் சொந்த டி.என்.ஏ. இயல்பாக அப்பைகளுக்குள் வருவதில்லை; எனவே, தன் பொருளைப் பகைப்பொருளாக எண்ணும் பிழை பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. குடலிலும் இவ்வொழுங்கு காணப்படுகிறது. குடற்குழியில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இயல்பாக வாழ்கின்றன. கசையிழைப் புரதத்தை அறியும் ஏற்பி, குடற்சுவர்ச் செல்லின் குழிநோக்கிய பக்கத்தைவிட உட்புறப் பக்கத்திலேயே செயற்படுகிறது. பாக்டீரியா குடற்குழியில் இருக்கும்வரை அமைதி நிலவும். சுவரைக் கடந்து உள்ளே வந்தால் எச்சரிக்கை எழும். ஒரே மூலக்கூறு, இருக்குமிடத்தால் பொருள் மாறுகிறது. பல்லியின் ஒலி எப்பக்கத்தில் எழுந்தது என்பதே பொருளாகும் நிமித்த மரபை இது நினைவூட்டும்.

3. ஏற்பியிலிருந்து கருவரை: அறிவித்தலும் அடக்குதலும்

குறிப்பு ஏற்பியில் பொருந்தியதும், ஏற்பியின் உட்புறத் துண்டோடு இணைப்புப் புரதங்கள் கூடுகின்றன. அவை நொதிகளைத் தூண்ட, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தி கடத்தப்படுகிறது. இறுதியில் ‘என்.எஃப்.-கப்பா-பி’ என்னும் புரதம், தன்னைப் பிணித்து வைத்திருந்த தடைப்புரதத்தினின்று விடுபட்டுச் செல்லின் கருவுக்குள் நுழைந்து, உறங்கிக்கிடந்த மரபணுக்களை எழுப்புகிறது. இது நிமிடங்களில் நிகழும் செயல். அடுத்த சில மணி நேரத்தில் கட்டி நசிவுக் காரணி, இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 முதலிய சைட்டோகைன்களைச் செல் வெளியிடுகிறது. சைட்டோகைன் என்பது ஒரு செல் பிற செல்களுக்கு விடுக்கும் செய்திப்பொருள். அதன் விளைவாகக் குருதிக்குழாய்கள் தளர்கின்றன; வெள்ளணுக்கள் தொற்றிடம் நோக்கி விரைகின்றன; மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டு மையம் தூண்டப்பட்டுக் காய்ச்சல் தோன்றுகிறது; விலங்கு தீவனத்தை வெறுக்கிறது. வளர்ப்போர் முதலில் காணும் அறிகுறிகள் பலவும் நுண்ணுயிரியின் நேரடிச் செயல்கள் அல்ல, இவ்வறிவித்தலின் விளைவுகளே.

வைரசுக் குறிப்புகளுக்கு வேறொரு பாதை முதன்மை பெறுகிறது. செல்லின் உட்பாய்மத்தில் தகாத இடத்தில் டி.என்.ஏ. தோன்றினால் அதை அறியும் புரதமும், வைரசு ஆர்.என்.ஏ.வை அறியும் புரதங்களும் தனித்தனியே உள்ளன. இவை தூண்டப்பட்டால் செல் இன்டர்ஃபெரான் என்னும் பொருளைச் சுரக்கும். அது அண்டைச் செல்களை வைரசு பெருக இயலாத நிலைக்குக் கொண்டுவரும். பன்றியின் குருதியில் சிறிய அளவில் உள்ள ஒருவகை டென்ட்ரைட்டிக் செல்கள் மிகுந்த அளவு இன்டர்ஃபெரானைச் சுரக்க வல்லவை. மற்றொரு வகை டென்ட்ரைட்டிக் செல்கள், அறிந்த பொருளின் துண்டுகளை நிணநீர்க் கணுவுக்கு எடுத்துச் சென்று டி-செல்களுக்குக் காட்டுகின்றன. பிறவிக்காப்பும் ஈட்டிய காப்பும் இணையும் இடம் இதுவே.

தூண்டுதலைப் போன்றே அடக்குதலும் இம்முறைமையின் உறுப்பாகும். கருவுக்குள் நுழைந்த என்.எஃப்.-கப்பா-பி, தன்னைப் பிணிக்கும் தடைப்புரதத்தின் மரபணுவையும் எழுப்புகிறது. அதனால், செய்தி பரவத் தொடங்கும்போதே அதை முடிப்பதற்கான ஏற்பாடும் தொடங்கிவிடுகிறது. லிப்போபாலிசாக்கரைடை ஒருமுறை எதிர்கொண்ட பெருவிழுங்கு செல், அடுத்தமுறை அதற்குக் குறைந்த மறுமொழியே தரும். இதற்கு மாறாக, பூஞ்சைச் சுவரின் பீட்டா-குளுக்கான் போன்ற சில குறிப்புகள் பிறவிச் செல்களையும் பின்னாளில் விழிப்போடு இருக்கச் செய்கின்றன என்பதை 2011 முதல் ‘பயிற்றுவித்த காப்பு’ என்னும் பெயரில் ஆய்வாளர் விளக்கிவருகின்றனர். ஆக, செல்லின் மறுமொழி ஒரே அளவுடையதன்று. முன்னனுபவத்தால் கூடவோ குறையவோ செய்யும்.

4. பன்றிக்கே உரிய கூறுகள்

மேற்கூறியவற்றுள் பெரும்பாலானவை பாலூட்டிகளுக்குப் பொதுவானவை. பன்றிக்குச் சிறப்பாக உரிய கூறுகள் சிலவும் உள.

முதலாவது, பிறப்பில் நிலவும் வெறுமை. பன்றியின் நச்சுக்கொடியில் தாயின் குருதிக்கும் கருவின் குருதிக்கும் இடையே ஆறு அடுக்குகள் உள்ளன. தாயின் எதிர்ப்பொருள்கள் அவற்றைக் கடந்து கருவை அடைவதில்லை. தொல்காப்பிய மரபியல் ‘குருளை’ எனப் பெயர் சூட்டும் பன்றிக்குட்டி, குருதியில் எதிர்ப்பொருள் ஏறத்தாழ இல்லாமலேயே பிறக்கிறது. முதல் 24 முதல் 36 மணி நேரத்துக்குள் குடிக்கும் சீம்பாலே அதற்குக் காப்பு. அக்காலம் கழிந்தபின் குடற்சுவர் முழு எதிர்ப்பொருளை உள்வாங்குவதில்லை. குட்டி சீம்பால் குடித்ததா என்று வளர்ப்போர் முதல் நாளில் பார்ப்பதற்குரிய உயிரியல் அடிப்படை இதுவாகும்.

இரண்டாவது, நுரையீரலின் அமைப்பு. பன்றியின் நுரையீரல் நுண்குழாய்களின் உட்சுவரில் பெருவிழுங்கு செல்கள் ஒட்டியிருந்து, குருதியில் வரும் பாக்டீரியாக்களைப் பிடிக்கின்றன. மனிதரிலும் எலியிலும் இப்பணியின் பெரும்பகுதியைக் கல்லீரல் செய்கிறது. இவ்வமைப்பால், குருதியில் லிப்போபாலிசாக்கரைடு கலந்தால் பன்றியின் நுரையீரலிலேயே சைட்டோகைன்கள் பெருகி, நீர் கோத்து, மூச்சுத்திணறல் விரைவில் தோன்றுகிறது. காவல் மிகுந்த இடமே தீங்கு மிகுந்த இடமாகவும் ஆகிறது.

மூன்றாவது, டி-செல்களின் விகிதம். இளம் பன்றியின் குருதியில் காமா-டெல்டா வகை டி-செல்கள் பெரும்பங்கு வகிக்கின்றன. மனிதரில் அவை சில விழுக்காடே. நான்காவது, நிணநீர்க் கணுவின் தலைகீழ் அமைப்பு. பிற பாலூட்டிகளில் கணுவின் புறத்தே அமையும் பகுதி பன்றியில் நடுவே அமைகிறது. செல்கள் நிணநீர்க் குழாய் வழியாக வெளியேறாமல் பெரும்பாலும் நேரே குருதியில் கலக்கின்றன. எலியில் கண்டதைப் பன்றிக்கு அப்படியே பொருத்திவிடலாகாது என்பதற்கு இவை சான்றுகள்.

5. குறிப்பை மறைத்தலும் மிகுத்தலும்: ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல்

இந்நோயை உண்டாக்கும் வைரசு இரட்டை இழை டி.என்.ஏ.வைக் கொண்டது. அது பெருக்கத்துக்குத் தேர்ந்தெடுக்கும் இடம் பெருவிழுங்கு செல்லும் அதன் முன்னோடியான மோனோசைட்டும் ஆகும். அயலதை அறிய வேண்டிய செல்லே அதன் உறைவிடமாகிறது. வைரசு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட புரதங்களை ஆக்கவல்லது. அவற்றுள் பல, குறிப்பறியும் பாதைகளை அடைப்பதற்கென்றே அமைந்தவை. ஒரு புரதம், என்.எஃப்.-கப்பா-பியைப் பிணிக்கும் தடைப்புரதத்தின் சாயலில் அமைந்து அதை முடக்குகிறது. வேறு சில, இன்டர்ஃபெரான் சுரப்பைத் தடுக்கின்றன. வீரியமிக்க வகைகள், உட்பாய்மத்தில் டி.என்.ஏ.வை அறியும் பாதையையும் தடுக்கின்றன.

முதற்கட்டம் இவ்வாறு மௌனமாகக் கழிகிறது. வைரசு பெருகிப் பல உறுப்புகளுக்குப் பரவியபின், தொற்றுற்ற பெருவிழுங்கு செல்களும் அவற்றைச் சூழ்ந்த செல்களும் சைட்டோகைன்களைப் பேரளவில் வெளியிடுகின்றன. வைரசு நிணநீர்ச் செல்களுக்குள் பெருகுவதில்லை; எனினும், இச்சைட்டோகைன் பெருக்கால் அச்செல்கள் கூட்டம் கூட்டமாக மடிகின்றன. குருதிக்குழாய்ச் சுவர் சிதைகிறது. உயர் காய்ச்சல், காதிலும் வயிற்றிலும் தோல் சிவத்தல், உட்குருதிப்போக்கு என நோய் முற்றுகிறது. வீரியமிக்க வகைகளில் இறப்பு ஏறத்தாழ நூறு விழுக்காட்டை எட்டும். காலத்தே எழ வேண்டிய அறிவிப்பு எழாமையும், காலங்கடந்து அது மிகையாக எழுதலும் ஆகிய இரண்டும் சேர்ந்தே பன்றியைக் கொல்கின்றன.

நாட்டில் நெடுங்காலமாக நிலவும் மரபான பன்றிக் காய்ச்சல் இதனின்று வேறானது. அதன் வைரசு ஆர்.என்.ஏ.வைக் கொண்டது, அதற்குத் தடுப்பூசி உண்டு. இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் உள்நாட்டு வைரசு வகையைக் கொண்டு உருவாக்கிய செல்வளர்ப்புத் தடுப்பூசி 2020இல் வெளியிடப்பட்டது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு வியட்நாமில் 2022 முதல் தடுப்பூசி பயன்பாட்டுக்கு வந்திருப்பினும், இந்தியப் பண்ணைகளில் இடும் தடுப்பூசி ஏதும் இல்லை.

6. பொறுத்தல்

ஆப்பிரிக்காவின் வார்ட்ஹாக் என்னும் காட்டுப்பன்றி இதே வைரசைத் தன் உடலில் தாங்கியும் நோய்வாய்ப்படுவதில்லை. அதன் என்.எஃப்.-கப்பா-பி புரதத்தின் ஓர் உறுப்பு, வளர்ப்புப்பன்றியினதிலிருந்து சில அமினோ அமிலங்களில் வேறுபடுகிறது. இவ்வேறுபாடே பொறுமைக்குக் காரணமாகலாம் என்று கருதி, எடின்பரோவின் இராஸ்லின் நிறுவன ஆய்வாளர் மரபணுத் திருத்தத்தால் வளர்ப்புப்பன்றியில் அம்மாற்றத்தைப் புகுத்தினர். ஆனால், 2020இல் வெளியான சோதனை முடிவு, அம்மாற்றம் மட்டும் பன்றியைக் காக்கப் போதாது என்று காட்டியது. குறிப்பறிதல் ஒரு புரதத்தின் தனிச்செயல் அன்று. பல புரதங்கள் இசைந்து இயங்கும் அமைப்பு என்பதை இத்தோல்வி உணர்த்துகிறது.

பொறுத்தல் எப்போதும் நன்மையன்று. இந்தியாவில் 1955ஆம் ஆண்டு வேலூர்ப் பகுதியில் முதன்முதலாக அறியப்பட்ட சப்பானிய மூளைக்காய்ச்சல் இதற்கு எடுத்துக்காட்டு. அதன் வைரசு பன்றியின் குருதியில் சில நாள்கள் மிகுதியாகப் பெருகும். சினைப்பன்றியில் கருச்சிதைவு உண்டாகலாம். மற்ற பன்றிகளில் பெரும்பாலும் அறிகுறியே தோன்றாது. அந்நாள்களில் கடிக்கும் கியூலெக்சு கொசு, வைரசை மனிதருக்குக் கொண்டுசெல்லும். இக்கொசுக்கள் நீர் தேங்கிய நெல்வயல்களில் பெருகுவன. பன்றி பொறுத்துக்கொண்ட நோய், மனிதக் குழந்தைக்கு உயிர்க்கேடாகிறது.

7. தென்காசி – குற்றாலச் சூழலில் இவ்வறிவின் பயன்

தென்காசி – குற்றாலப் பகுதியின் இயற்கையமைப்பு மேற்கூறிய நிகழ்வுகள் அனைத்திற்கும் இடந்தருவது. ஆரியங்காவுக் கணவாய் வழியே வீசும் தென்மேற்குப் பருவக்காற்று சூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்துக்குச் சாரலைத் தருகிறது. அக்கணவாய் வழியே செல்லும் புளியரைச் சாலை, கேரளத்தோடு சரக்குப் போக்குவரத்தை இணைக்கிறது. சாரல் பருவத்தில் சுற்றுலாப் பயணியர் பெருக, உணவு விடுதிகளின் மிச்ச உணவும் பெருகுகிறது. விடுதிக் கழிவைப் பன்றிக்கு இடுவது தமிழகத்தில் பரவலான வழக்கம். குற்றால மலையில் தோன்றும் சிற்றாற்றுப் பாசனத்தில் கார், பிசானம் என்னும் இரு பருவ நெல்வயல்களும் உள்ளன.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரசு பதனிட்ட இறைச்சியிலும் உறைந்த இறைச்சியிலும் மாதக்கணக்கில் அழியாதிருக்கும், வெப்பத்தில் அழியும். கழிவு உணவை இட நேர்ந்தால், இடைவிடாது கிளறி, 90 பாகை செல்சியசில் 60 நிமிடமாவது சூடாக்க வேண்டும் என்பது உலக விலங்கு நல அமைப்பின் நெறி. காட்டுப்பன்றி கொட்டிலை நெருங்காதவாறு வேலியிடுதல், புதிய பன்றியைச் சிலகாலம் தனித்து வைத்தல், மலையடிவாரத்தில் இறந்துகிடக்கும் காட்டுப்பன்றியைத் தொடாமல் வனத்துறைக்கும் கால்நடைத் துறைக்கும் தெரிவித்தல் ஆகியன பிற வழிகள். இவை யாவும் வைரசு பெருவிழுங்கு செல்லை அடையாமல் தடுப்பன. அடைந்தபின், செல்லின் அறிதிறனையே அது முடக்குவதால், உடலின் ‘சக்தி’யைக் கூட்டும் மருந்துகளை நம்பியிருப்பது பயன்தராது.

8. கலைச்சொல் நோக்கு

இங்கே மொழிச்சிக்கல் எழுகிறது. ‘நோய் எதிர்ப்புச் சக்தி’ என்பது ஒரு கொள்கலத்தில் கூடவும் குறையவும் கூடிய பொருள்போல் வழங்குகிறது. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது கபசுரக் குடிநீர் எங்கும் வழங்கப்பட்ட காலத்தில் இத்தொடர் அன்றாட வழக்காயிற்று. கூடுவது நன்று, குறைவது தீது என்னும் எண்ணம் அதனுள் பொதிந்துள்ளது. ஆனால், மேலே கண்டவாறு, மறுமொழி மிகுவதாலும் பன்றி இறக்கிறது.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘நோய்த்தடைக்காப்பு’ என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் ‘நிர்ப்பீடனம்’ என்கின்றன. இங்கு ‘செல்’ எனவும் ‘ஏற்பி’ எனவும் வழங்குவன அங்கே முறையே ‘கலம்’, ‘வாங்கி’ என வழங்குகின்றன. இங்கே ‘எதிர்ப்பொருள்’ என்பது அங்கே ‘பிறபொருளெதிரி’. இவற்றுள் ‘காப்பு’ என்னும் சொல், எதிர்த்தலையும் பொறுத்தலையும் ஒருங்கே தழுவ இடந்தருவதால், பொதுச்சொல்லாகக் கொள்ள ஏற்றது. அதன்கீழ் அறிதல், அறிவித்தல், எதிர்த்தல், அடக்குதல், பொறுத்தல் என்னும் ஐந்து வினைச்சொற்களை வேறுபடுத்தி ஆள்வது, புதுச்சொல் ஆக்காமலேயே பொருள்தெளிவைத் தரும்.

‘பன்றிக் காய்ச்சல்’ என்னும் பெயரும் மயக்கந்தருவது. 2009இல் மனிதரிடையே பரவிய இன்ஃபுளுவென்சா, தடுப்பூசியுள்ள மரபான பன்றிக் காய்ச்சல், மனிதரைத் தொற்றாத ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் ஆகிய மூன்றும் இப்பெயராலேயே சுட்டப்படுகின்றன. அடைமொழியின்றி எழுதப்படும் ஒரு செய்தித் தலைப்பு, நுகர்வோரை வீணே அஞ்சச் செய்யும். தடுப்பூசி இட்டுவிட்டோம் என்னும் பொய்யான நிறைவை வளர்ப்போருக்குத் தரும். எனவே, முதலாவதைப் ‘பன்றிவழி இன்ஃபுளுவென்சா’ என்றும், ஏனைய இரண்டையும் அடைமொழியோடும் எழுதுவது இன்றியமையாதது. இராமையன்பட்டியில் 2012இல் தொடங்கப்பட்ட திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற நிறுவனங்களும் தமிழ்த்துறைகளும் இணைந்து இத்தகைய சொற்களைத் தரப்படுத்தினால், உழவர்க்கான அறிவுரைகள் பொருள்மயக்கம் நீங்கிச் சென்றடையும்.

முடிவுரை

பன்றியின் நோய்த்தடைக்காப்புச் செல்கள், நுண்ணுயிரியின் மாறாத மூலக்கூறுகளைக் குறிப்புகளாகக் கொண்டு, அவை தோன்றும் இடத்தையும் சேர்த்துப் பொருள்கொள்கின்றன. அறிவிப்பு உரிய காலத்தில் எழுந்து உரிய அளவில் அடங்கும்போது பன்றி பிழைக்கிறது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் இவ்வொழுங்கு இருமுனையிலும் சிதைகிறது. வார்ட்ஹாக் அதே வைரசைப் பொறுத்து வாழ்கிறது. சப்பானிய மூளைக்காய்ச்சலில் பன்றியின் பொறுமை மனிதருக்குத் தீங்காகிறது. இவ்வேறுபாடுகளை ‘எதிர்ப்புச் சக்தி’ என்னும் ஒற்றைத் தொடரால் விளக்க இயலாது. காடும் கொட்டிலும் விடுதியும் வயலும் நெருங்கியிருக்கும் தென்காசி – குற்றாலப் பகுதியில், நோய் உடலைச் சேர்வதற்கு முன்னரே தடுப்பதுதான் வளர்ப்போர் கையிலுள்ள உறுதியான வழி. அதற்கான காரணத்தை அவர்கள் தம் மொழியில் விளங்கிக்கொள்ளும் வகையில் சொல்லாட்சியைச் செப்பம் செய்வது அறிவியல் தமிழின் உடனடிக் கடமையாகும்.